ரசீது போட்ட ராஜபோகம்

புதுச்சேரி வெள்ளை நகரத்தில் பழைய பிரெஞ்சு மாளிகை ஒன்றைச் சொகுசு விடுதியாக்கி வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையிலிருந்து போய் அங்கே ஒரு ராத்திரி தங்கிவந்த பாக்கியசாலிகள் நானும் என் வீட்டுக்காரியும். அதன் பெருமையைச் சொல்லாவிட்டால் நன்றி மறந்த பாவம் வந்து சேரும்.

முதலில் வாடகை. குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு நாள்கணக்கில் உட்கார்ந்து பட்டுப் புடவை நெய்கிற எங்கள் ஊர் நெசவாளி கூலியாக வாங்குவதை, இங்கே கண்ணை மூடித் திறப்பதற்குக் கேட்கிறார்கள். உழைப்பைவிடத் தூக்கத்துக்கு மதிப்பு வைத்த உத்தமர்கள்!

அறையைப் பற்றி என்ன சொல்ல! சுவரில் சுண்ணாம்புக் காரை பெயர்ந்து செங்கல் சிரித்தது. நாங்களாக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்போம். இவர்களோ அதன் மேல் விளக்குப் போட்டிருந்தார்கள். "என்னங்க, நம்ம வீட்டுச் சுவத்துக்கும் ஒரு லைட்டு போட்டிருந்தா கொத்துக்கூலி மிச்சமாயிருக்குமே" என்று அங்கலாய்த்தாள் அவள். வைஃபை வரவில்லை என்று கேட்டதற்கு, "சார், இது ஹெரிட்டேஜ் பில்டிங்" என்றான் வரவேற்பில் இருந்த பையன். வெந்நீர் வராததற்கும் அதுதான் பதில். பாதி ராத்திரியில் ஏசி நின்றதற்கும் அதே பதில். எல்லா வியாதிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் வைத்தியரை எங்கே பார்க்க முடியும்?

எங்கள் ஊரிலும் பெரிய இடத்து விருந்தாளி ஒருவர் இராத்தங்கியதுண்டு. பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்த, சீடனோடு திருமழிசை ஆழ்வாரும் கிளம்ப, அவர் கூப்பிட்ட குரலுக்குப் பெருமாளே பாம்புப் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு காஞ்சியை விட்டு எங்கள் ஓரிக்கைக்கு வந்து ஓர் இரவு தங்கினார் என்பது தல புராணம். படுக்கையும் அவருடையதே, வாடகையும் யாரும் கேட்கவில்லை. பிழைக்கத் தெரியாத ஊர்! 'பெருமாள் சூட்' என்று அன்றைக்கே ஒரு பலகை மாட்டியிருந்தால் இன்று நாங்கள் எங்கேயோ இருந்திருப்போம்.

பலகை மாட்டும் வித்தையை இவர்களிடம்தான் கற்க வேண்டும். 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் வந்தது, 1742 முதல் 1754 வரை துய்ப்ளே கவர்னராகக் கோலோச்சியது எல்லாம் நடைகூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. அதே துய்ப்ளே காலத்தில், 1748-இல், வேதபுரீசுவரர் கோயிலை இடித்த கதை மட்டும் இல்லை. கூடவே இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதித்தான் வைத்திருக்கிறார். அவருக்கு விருந்தோம்பல் தெரியாது போலும். 1761-இல் ஆங்கிலேயர் இந்த ஊரைத் தரைமட்டமாக்கியதும் பலகையில் இல்லை. இருந்தால், "துய்ப்ளே உலவிய மாடம்" என்று காட்டிய இடம் அவர் கப்பலேறிய பிறகு கட்டியது என்று குழந்தைகூடக் கணக்குப் போட்டுவிடும். விருந்தாளிக்குச் செரிமானம் கெடக்கூடாது என்பதில் எத்தனை கரிசனம்!

பெரிய வாய்க்காலுக்கு இக்கரையில் வெள்ளையர், அக்கரையில் தமிழர் என்று பிரித்து வைத்த ஊர் இது. அக்கரையில் பழைய வீடுகளுக்குத் தாழ்வாரமும் திண்ணையும் உண்டு; யார் எவர் என்று கேளாமல் வழிப்போக்கனுக்கு நிழல் கொடுத்தவை. இக்கரையில் உயர்ந்த மதிலும் சாத்திய கதவும். அந்த மரபு அழியாமல் விடுதி கட்டிக்காக்கிறது. காலையில் வாசல் நிழலில் கூடையை இறக்கிவைத்த பூக்கார அம்மாவைக் காவலாளி விரட்டிய வேகத்தைப் பார்த்தேன். நூற்றாண்டுப் பயிற்சி இல்லாமல் அந்த லாவகம் வராது. அதே பூவைத்தான் பித்தளை உருளியில் மிதக்கவிட்டிருந்தார்கள்.

கிளம்பும்போது பில் வந்தது. அறைக்கு, கடிக்க முடியாத பிரெஞ்சு ரொட்டிக்கு, இரண்டுக்கும் வரி. ஒரு பைசா விடுபடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனதில் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் இந்த விடுதியை வந்து பார்க்க வேண்டும். அவர்கள் காலத்தில் என்னைப் போன்றவன் இந்த மாளிகைக்குள் பங்கா இழுக்கத்தான் நுழைந்திருப்பான். காசு வாங்கிக்கொண்டு வேர்த்திருப்பான். இப்போது காசு கொடுத்து வேர்க்கும் அளவுக்கு முன்னேறியிருக்கிறோம்.