மறைந்து நின்று எய்பவர்

மயிலாப்பூர் மாட வீதிகளில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தவறாமல் பிரசன்னமாகும் ஒரு புருஷரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தம்மை ஒருவரும் பார்க்கவில்லை என்பதுதான் அவருடைய திடமான நம்பிக்கை. கையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள 70-200 ஜூம் லென்ஸ். வெயிலில் சூடேறக்கூடாதென்று கம்பெனிக்காரர்களே வெள்ளை வர்ணம் பூசி அனுப்பியது. அதை ஏந்திக்கொண்டு அவர் மின்கம்பத்தின் பின்னால் ஒதுங்கும்போது, கம்பம் அரையடி, தாம் இரண்டடி என்கிற அற்ப வித்தியாசத்தைப் பொருட்படுத்துவதில்லை.

“கிட்டப் போனா இயல்பு கெட்டுடும் சார்” என்பது அவருடைய சித்தாந்தம். இயல்பு என்பது சுருக்கம் விழுந்த கிழவிக்கும், டீ ஆற்றும் மாஸ்டருக்கும், கொட்டாவி விடும் போலீஸ்காரருக்கும் மட்டுமே பிரம்மா அருளியது. இஸ்திரி போட்ட சட்டைக்காரர்களுக்கு அது கிடையாது. 1950-இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்த கார்த்தியே-பிரெஸ்ஸோன், பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸோடு ஜனங்களின் அருகிலேயே உலவியவராயிற்றே என்று நான் ஒருநாள் மெல்லச் சொன்னேன். “பாவம், வசதி இல்லாத காலம்” என்று அந்தப் பிரெஞ்சுக்காரருக்காக அனுதாபப்பட்டார்.

வாலியின்மேல் மறைந்து நின்று பாணம் விட்டது நியாயமா என்று நம் பட்டிமன்றங்கள் இன்னும் தீர்ப்புச் சொல்லி முடிக்கவில்லை. அதுவாவது ஒற்றைப் பாணம். இவர் விநாடிக்குப் பத்து விடுகிறார்.

சென்ற பங்குனியில் தெற்கு மாட வீதியில் நான் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது, அறுபதடி தூரத்தில் ஓர் ஆட்டோவின் பின்னால் அந்த வெள்ளைக் குழல் நீண்டிருந்தது. பின்னாலிருக்கும் கோபுரத்தை இழுத்து வந்து கீரைக்கார அம்மாளின் தலைக்கு மேலேயே நிறுத்திவிடும் வித்தை டெலி லென்ஸுக்கு உண்டாகையால், அதற்கேற்ற கணத்துக்காக அவர் மூச்சடக்கித் தவமிருந்தார். அந்த அம்மாளோ தலை நிமிராமலே பக்கத்துக் கடைக்காரியிடம், “குழாய்க்காரத் தம்பி வந்துடுச்சு, தண்ணி தெளிச்சாத்தான் போவும், பாவம் வெயில்ல நிக்குது” என்று சொல்லி, காய்ந்தே போகாத கீரையின்மேல் வழக்கத்தைவிட ஒரு முழம் உயர்த்தித் தண்ணீரை வீசி இறைத்தாள். படபடவென்று சத்தம் கேட்டது. சற்றைக்கெல்லாம் அவர் என்னிடம் ஓடி வந்து, “பார்த்தீங்களா சார், எவ்வளவு நேச்சுரல்!” என்றார்.

அந்தப் படம் இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. “தம்பி எடுத்த போட்டோ வந்துச்சா சாமி?” என்று அந்த அம்மாள் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். லென்ஸ்கார நண்பரே, ஒரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு அந்த அறுபதடியை நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். அப்படியே இரண்டு கட்டு அரைக்கீரையும் வாங்குங்கள்.