ஃபிராட்டன் பார்க்கின் கணக்குப் பிள்ளை

கால்பந்து பார்ப்பதற்கென்று டிக்கெட் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்து, பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நுணுக்கமாகப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிற ஒரு வகை மனிதரை, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மவுத் நகரத்தில் காணலாம். வயது அறுபதுக்கு மேல்; கப்பல் தளத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்; கழுத்திலே நீலமும் வெள்ளையுமான கம்பளித் துண்டு; கோட்டின் உட்பையிலே, மூக்குக் கண்ணாடிக்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் நடுவே, நாலாக மடித்த கம்பெனிக் கணக்கறிக்கை ஒன்று. சிறு வயதில் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தவர்தாம். ஆனால் அவருடைய சங்கத்தை ஒருவர்பின் ஒருவராக வாங்கி விற்ற தனவந்தர்கள், அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வக்கீலாகவும், தணிக்கையாளராகவும், நகர நிர்மாண நிபுணராகவும் ஆக்கிவிட்டார்கள். அவருக்குக் கணக்குப் பிள்ளை என்று பெயரிட்டு மேலே செல்வோம்.

சரித்திர ஞானத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது; ஆனால் அவர் சரித்திரத்தை அணுகுகிற வழியே அலாதி. பக்கத்து இருக்கைக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர், ஏதாவது பேசவேண்டுமே என்ற மரியாதைக்காக, "ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் இந்தச் சங்கத்துக்குக் கோல்கீப்பராக இருந்தாராமே?" என்று ஆரம்பித்தால் தீர்ந்தது.

"அது வேறே சங்கம், தம்பி. 1896-லேயே கலைந்து போயிற்று. இது 1898-இல் பதிவான கம்பெனி. பெயரில் ஊர் ஒன்றாயிருந்தால் பாத்தியதை ஒன்றாகிவிடுமா?"

மதுபான உற்பத்தியாளர் ஜான் பிரிக்வுட்டும் அவருடைய நண்பர்களும் கூடி அந்தக் கம்பெனியை ஏற்படுத்தியபோது, ஆட்டக்காரர்களைத் தேடுவதற்கு முன்பே விவசாய நிலம் ஒன்றைக் கிரயம் பண்ணினார்கள் என்பதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். நிலம் முதலில், பந்து பிறகு என்பதுதானே அவருடைய சித்தாந்தம்! அந்த நிலத்தில் 1899-இல் திறக்கப்பட்ட ஃபிராட்டன் பார்க் இன்றைக்கும் அதே இடத்தில், போர்ட்ஸீ என்னும் தீவின்மீது நிற்கிறது; மைதானங்களை வரைவதில் அந்தக் காலத்தில் பெயர்போன ஆர்ச்சிபால்டு லீச் 1925-இல் அமைத்துக் கொடுத்த தெற்கு ஸ்டாண்டும் நிற்கிறது. 1939-இல் வுல்வர்ஹாம்ப்டனை 4-1 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை வென்றதையும், அதிர்ஷ்டத்துக்காக மேனேஜர் ஜாக் டின் தம் பூட்ஸின்மேல் அணிந்த வெள்ளை உறைகளையும், யுத்தம் வந்துவிட்டபடியால் கோப்பை ஏழு வருஷம் இந்தச் சங்கத்தின் வசமே இருந்ததையும், 1949, 1950 ஆகிய இரு வருஷங்களும் அடுத்தடுத்து லீக் பட்டம் பெற்றதையும் அவர் இரண்டே நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுவார். அந்த நாளில் ஆட்டம் பிரமாதமாக இருந்தது, விவகாரம்தான் இல்லை. விவகாரம் இல்லாத சரித்திரம் அவருக்கு ருசிப்பதில்லை.

மைதானத்தைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தால் மட்டும் அவர் நாற்காலியைச் சற்று முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். அவர் வீட்டுப் பரணிலே ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வரைபடங்கள் இருக்கின்றன. ஆடுகளத்தை அப்படியே தொண்ணூறு பாகை திருப்பிவிட்டுச் சுற்றிலும் ஒரு கிராமத்தையே கட்டிவிடலாம் என்று ஒரு காலத்தில் ஒரு திட்டம். அது போயிற்று. 2007-இல், பீஜிங் ஒலிம்பிக்ஸுக்குப் பறவைக்கூடு போன்ற அரங்கத்தை வரைந்து கொடுத்த அதே சுவிஸ் சிற்பிகளைக் கொண்டு, துறைமுகத்தை ஒட்டிக் கடலைத் தூர்த்து, 36,000 பேர் உட்காரத்தக்க ஒரு மாளிகையை எழுப்புவதாகப் பிரஸ்தாபம் செய்தார்கள். கடற்படைக்காரர்கள், "எங்கள் விமானந்தாங்கிக் கப்பல் எப்படி ஐயா திரும்பும்?" என்கிற தோரணையில் புருவத்தை உயர்த்தவே, திட்டம் ஹார்ஸீ தீவுக்கு நகர்ந்தது, பிறகு பணமுடையில் அங்கேயே மறைந்தது. இவ்வளவு வர்ணப்படங்களும் அச்சாகிக்கொண்டிருந்த காலத்தில், வெளியூர் ரசிகர்கள் உட்காரும் மில்டன் எண்டுக்கு ஒரு கூரைகூட இல்லாமல், பிரீமியர் லீக் ஆட்டத்தை அவர்கள் மழையில் நனைந்துகொண்டே பார்த்தார்கள். கூரை வந்தது 2007-இல்தான். "காகிதத்தில் மாளிகை, மழைக்குக் கூரையில்லை" என்று அவர் சொல்லும்போது அதில் கசப்பைவிட ரசனையே அதிகம் தொனிக்கும்.

அவருக்கு இந்த ஞானோதயம் உண்டான காலத்தைத் திட்டமாகச் சொல்லலாம். 2008 மே மாதம் வெம்ப்ளியில் கார்டிஃபை ஒரே கோலில் தோற்கடித்து மறுபடியும் எஃப்.ஏ. கோப்பை கைக்கு வந்தபோது, ஊரோடு சேர்ந்து அவரும் தெருவிலே ஆடிப் பாடினார். அந்தக் கோப்பையை வெல்லக் கொடுத்த சம்பளங்கள் எந்தப் பெட்டியிலிருந்து வந்தன என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விற்கப்பட்டார்கள். 2009-10 என்ற ஒரே ஒரு பருவத்தில் சங்கத்துக்கு நான்கு எஜமானர்கள்: கெய்டமாக்கிடமிருந்து அல் ஃபஹீம் வாங்கினார், ஆறு வாரத்தில் பெரும்பங்கை அல் ஃபராஜ் என்பவருக்கு மாற்றினார், ஈட்டின் பேரில் கடன் கொடுத்திருந்த சைன்ராய் கடைசியில் தாமே எடுத்துக்கொண்டார். சொந்தக்காரராக வருகிறவர் யோக்கியரா, தகுதியுள்ளவரா என்று சோதிக்க லீக்கில் ஒரு பரீட்சை உண்டு. அதில் தேறாமல் போவதற்கு அபாரத் திறமை வேண்டும் போலிருக்கிறது என்பது கணக்குப் பிள்ளையின் அபிப்பிராயம்.

ஆகவே அவர் தமக்கென்று ஒரு பரீட்சை வகுத்துக்கொண்டார். புது எஜமானர் முதல் நாள் ஆடுகளத்தின் நடுவே வந்து நின்று, சங்கத்தின் கம்பளித் துண்டைத் தலைக்குமேல் இரு கைகளாலும் விரித்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வது சம்பிரதாயமல்லவா? அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். துண்டில் மடிப்புக் கலையாமல் இருந்தால், கடையிலிருந்து அப்பொழுதுதான் வாங்கிக் கொடுத்தது. ஆறு மாதம் தாங்காது. எழுத்து தலைகீழாக இருந்தால் அதற்குள்ளேயே வக்கீலைப் பார்த்துவிடுவது நலம்.

ஆட்டத்தின்போது அவர் படும் பாடு பரிதாபகரமானது. ஒளிக்கம்பத்தில் ஒரு விளக்கு எரியவில்லையென்றால், பல்பு பழுதாகியிருக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு உதிப்பதில்லை. மின்சாரக் கட்டணம் பாக்கி என்றே முடிவு கட்டுவார். இறைச்சிப் பை ஆறியிருந்தால், பேக்கரிக்காரருக்கு வாயிதா தவறியிருக்கிறது. எதிரணி கோல் போட்டால் அவர் அவ்வளவாகக் கலங்குவதில்லை. நம்முடைய இளம் முன்னணி ஆட்டக்காரர் ஒருவர், மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு போய், கண்ணைப் பறிக்கும்படியாக ஒரு கோல் போட்டுவிட்டாரானால்தான் ஆபத்து. அரங்கம் முழுவதும் எழுந்து குதிக்கும், அவரும் எழுந்திருப்பார், ஆனால் மறு நிமிஷம் முகம் வெளுத்து உட்கார்ந்துவிடுவார். "ஏன், என்ன உடம்புக்கு?" என்று பக்கத்திலிருப்பவர் பதறினால், "ஜனவரியில் விற்றுவிடுவார்கள்" என்பார்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள், 2010 பிப்ரவரிக்குப் பிறகு வெளியான கடன்காரர் ஜாபிதாவைப் பார்த்ததில்லை. பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே திவால் நிர்வாகிகளின் கைக்குப் போன முதல் சங்கம் என்ற கீர்த்தி அப்போதுதான் போர்ட்ஸ்மவுத்துக்குக் கிடைத்தது. ஒன்பது புள்ளிகளைப் பறித்துக்கொண்டு கீழ்ப்பிரிவுக்கும் அனுப்பினார்கள். கோடிக்கணக்கான பவுண்டு பாக்கிகளுக்கு நடுவே, மயங்கி விழுந்த ரசிகர்களுக்கு முதலுதவி செய்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தர்ம ஸ்தாபனத்துக்கும் 2,700 பவுண்டு சொச்சம் பாக்கி. கால்பந்து உலகத்தின் அன்றைய நியதிப்படி, மற்றச் சங்கங்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தரவேண்டியதை முழுசாகத் தந்துவிடவேண்டும். முதலுதவிக்காரருக்கும் கடைக்காரருக்கும் வரிக்கும் பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று மிச்சத்தைப் பங்கிட்டால் போதுமாயிருந்தது. லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு முழுத்தொகை, கட்டுப் போட்டவருக்குக் கழிவு! இந்த இடத்தில் மட்டும் கணக்குப் பிள்ளையின் குரலில் வேடிக்கை இராது. இருக்கவும் கூடாது என்பதே என் கட்சி.

அடுத்து வந்த ருஷ்யர் அன்டோனோவின் தொழில்களும் 2011-இல் சரிந்து, 2012 பிப்ரவரியில் சங்கம் மறுபடியும் நிர்வாகிகளிடம் போனபோது, கணக்குப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுகூடினார்கள். தலைக்கு ஆயிரம் பவுண்டு பங்கு. சிலர் சேமிப்பைக் கலைத்தார்கள். சிலர் கூட்டாகச் சேர்ந்து ஒரு பங்கு எடுத்தார்கள். மைதானத்தின்மேல் சைன்ராயின் கம்பெனிக்கு இருந்த ஈட்டை என்ன விலைக்கு மீட்பது என்ற வழக்கு லண்டன் உயர்நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரலில் மூன்று மில்லியன் பவுண்டுக்குத் தீர்ந்தது. சங்கம் நான்காம் பிரிவுக்கு இறங்கிக்கொண்டிருந்த அதே மாதத்தில், அதற்கு ரசிகர்களே சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

அன்றிரவு நம்மவர் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும் அல்லவா? தூங்கவில்லை. இத்தனை வருஷமாக "சொந்தக்காரர் யார், அவருடைய யோக்கியதை என்ன?" என்று கேட்டுப் பழகியவருக்கு, விடை முகம் மழிக்கும் கண்ணாடியிலே தெரியத் தொடங்கியது பெரிய சங்கடமாகப் போயிற்று. வருஷாந்தரக் கூட்டத்துக்குக் கேள்விகளை எழுதிக்கொண்டு போய், எழுந்து நின்று, தம்மையே கண்டித்துப் பேசிவிட்டு வந்தார். இறைச்சிப் பையின் விலையை உயர்த்தியபோது, "எஜமானர்களுக்கு ஈவிரக்கமே இல்லை" என்று முணுமுணுத்தார். அவருடைய மனைவி, "உங்களைத்தானே சொல்லிக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டதாகவும், அவர் பதில் சொல்லவில்லை என்றும் வதந்தி.

2017-இல் நான்காம் பிரிவில் முதலிடம் வந்த கையோடு, முன்பு டிஸ்னி கம்பெனிக்குத் தலைவராக இருந்த மைக்கேல் ஐஸ்னரின் குடும்பம் சங்கத்தை விலைக்குக் கேட்டது. பங்குதாரர்களில் பெரும்பாலோர் சம்மதித்தார்கள். நம்மவர் கையால் சம்மதித்து வாயால் ஆட்சேபித்தார். அதற்குப் பிறகுதான் உண்மையான துன்பம் ஆரம்பம். புது எஜமானர் சம்பளத்தை மாதாமாதம் கொடுத்தார். மைதானத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோகிற பேச்சை எடுக்காமல், இருந்த இடத்திலேயே ஸ்டாண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செப்பனிட்டார். 2024-இல் அணி மூன்றாம் பிரிவிலும் பட்டம் வென்று மேலே ஏறியது. கவலைப்பட ஒன்றும் கிடைக்காமல் கணக்குப் பிள்ளை இளைத்தே போய்விட்டார். புதுப்பித்த ஸ்டாண்டில் கழிப்பறைகள் போதுமா, அவசர வழிகள் எத்தனை அடி அகலம் என்று இப்போது அளந்துகொண்டிருக்கிறார்.

அவரை "வீண் கவலைக்காரர்" என்று பரிகசிக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அவர் யாரோடும் வாதாடுவதில்லை. "பெரி" என்று ஓர் ஊரின் பெயரை மட்டும் சொல்வார். மான்செஸ்டருக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரின் சங்கம் இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்றது, 1894 முதல் லீக்கில் ஆடியது. 2018 டிசம்பரில் அது ஒரே ஒரு பவுண்டு கிரயத்துக்குக் கைமாறிற்று. 2019 ஆகஸ்டு 27-ஆம் தேதி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது.