மதுரையில் ரூம் போடுதல்: வீதிவாரியாக ஓர் ஆய்வு

இரண்டு நாள் லீவில் ஒரு ஊருக்குப் போய், பகலில் சரித்திரத்தையும் இரவில் தெருவையும் பார்த்துவிட்டு வர நினைப்பவர் ரூமை எங்கே போடுவது என்ற கேள்வியை நம் அறிஞர்கள் யாரும் மெனக்கெட்டு ஆராயவில்லை. வாய்மொழியாக இரண்டு மரபுகள் மட்டும் உண்டு. ஒன்று உறவினர் மரபு: “கோயிலுக்குப் பக்கத்துலயே போட்டுருங்க, நடந்தே போயிட்டு வந்துரலாம்.” மற்றது ஆட்டோ மரபு: “நம்ம லாட்ஜ் ஒண்ணு இருக்கு சார், நீட்டா இருக்கும்.” இரண்டாவது மரபின் ஆய்வுக்கு நிதி எங்கிருந்து வருகிறது என்பதை லாட்ஜ் மேனேஜர் அறிவார். முதல் மரபுக்குத் தன்னலம் கிடையாது. ஆனால் அது தவறு. மதுரையைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்வது இதுதான்: ரூமைத் தீர்மானிக்க வேண்டியது காலையில் போகிற இடம் அல்ல, ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற தூரம்.

முதலில் இரவு வாழ்க்கைக்கு எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். கோவாவுக்கும் பாங்காக்குக்கும் உரிய அளவுகோல் இங்கே செல்லாது. அரசாங்க மதுக்கடையே இரவு 10 மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுகிறது. மீனாட்சியம்மன் கோயிலில் பள்ளியறை பூஜை முடிந்து நடை சாத்துவதும் ஏறக்குறைய அதே நேரம்தான். குடியும் பக்தியும் சேர்ந்தாற்போல் ஓய்ந்த பிறகு மிஞ்சுகிற மதுரையே ஆய்வுக்குரிய மதுரை. அது உட்கார்ந்து சாப்பிடுகிறது. நேற்று வந்த பழக்கமும் அல்ல. மாங்குடி மருதனார் 782 அடிகளில் பாடிய மதுரைக்காஞ்சி, பகல் சந்தையை நாளங்காடி என்றும் இரவுச் சந்தையை அல்லங்காடி என்றும் தனித்தனியே காட்டுகிறது. இரவை யாமம் யாமமாகப் பிரித்து, கடையடைப்பு, திருடர், ஊர்க்காவலர், பேய் என்று யாரையும் விடாமல் சொல்கிறது. நமக்கு வேண்டிய சான்று அதில் ஓரமாகக் கிடக்கிறது: அடையும் மோதகமும் விற்றவர்கள் அங்கே தூங்கி விழுகிறார்கள். வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் பலகாரத்தின் பக்கத்திலேயே ஒருவர் தூங்கி விழுகிறார் என்றால், கொஞ்சம் முன்புவரை வாங்க ஆள் வந்துகொண்டிருந்தது என்றுதான் பொருள். இன்று மோதகத்தின் இடத்தில் கொத்துப் பரோட்டா இருக்கிறது. முட்டையை உடைத்து ஊற்றி, சால்னாவை ஒரு கரண்டி விட்டு, இரண்டு இரும்புத் தகடுகளால் மாஸ்டர் கல்லின்மேல் போடும் தாளம் அடுத்த தெருவரைக்கும் கேட்கும். பெயர்ப் பலகை இல்லாத கடைக்கு அதுதான் விளம்பரம்.

இனி நிலவியல். மதுரையின் பழைய நகரம் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரிகிறது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி. கடைசியாக வெளி வீதி. மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் நடுவே மாதப் பெயர் இல்லாத இரண்டு தெருக்கள் நிற்பதை ஊன்றிப் பார்ப்பவர் கவனிக்கலாம். ஒன்று மாரட் வீதி, மற்றது பெருமாள் மேஸ்திரி வீதி. காரணம் 1840களில் இருக்கிறது. அன்றைய கலெக்டர் பிளாக்பர்ன் ஊரைச் சுற்றி இருந்த கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். வேலையை மேற்பார்த்த இருவரின் பெயர்களே தெருக்களுக்கு நிலைத்தன; கலெக்டரின் நினைவாக விளக்குத்தூண் நின்றது. பிறகு 1875-இல் மேற்கே ரயில் வந்தது. ரயிலில் இறங்கியவர்களுக்குப் படுக்க இடம் வேண்டியிருந்ததால், மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் டவுன் ஹால் ரோட்டிலும் லாட்ஜுகள் முளைத்தன. இதிலிருந்து பெறப்படும் முடிவு சாதாரணமானதல்ல: இந்தப் பக்கத்தில் 300 ரூபாய் மிச்சம் பிடிக்க ஏசி இல்லாத ரூம் எடுத்தவர்கூட நாயக்கர் காலத்துக் கோட்டை எல்லையில் படுத்திருக்கிறார். சரித்திரம் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும்போது அதைத் தேடிச் சித்திரை வீதியில் ரூம் போடுவானேன்?

உறவினர் மரபு இதை எளிதில் விடாது. இரவில் சொக்கநாதரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்தோடு அம்மன் பள்ளியறைக்கு எடுத்துச் செல்கிறார்களே, இரவு வாழ்க்கையும் சரித்திரமும் ஒன்றாகச் சேருவதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று கேட்கும். நியாயமான கேள்வி, மதுரையில் ஒரே ஒரு இரவு இருப்பவர் எதை விட்டாலும் அதை விடக்கூடாது. ஆனால் அது முடியும்போது மணி பத்தை நெருங்கியிருக்கும். உள்ளே செல்போனுக்கு அனுமதி கிடையாது என்பதால் ஆட்டோவுக்கு ஆப்பில் சொல்லவும் முடியாது. வெளியே வந்தால் சித்திரை வீதியில் வண்டிகளுக்குத் தடை. சாமி படுத்த பிறகு அந்தச் சதுரமும் படுத்துவிடுகிறது. வயிறு மட்டும் விழித்திருக்கிறது. அங்கே தங்கியவர் சாப்பாட்டுக்காக வெளியே நடந்து, சாப்பிட்ட பாரத்தோடு மறுபடி உள்ளே நடக்க வேண்டும். மேற்கே தங்கியவருக்குக் கடை, போகிற வழியில் இருக்கிறது. தவிர, கோயில் மதியம் 12.30-க்குச் சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கிறது. சித்திரை வெயிலில் அந்த மூன்றரை மணி நேரத்துக்கு மின்விசிறிக்குக் கீழே படுப்பதைத் தவிர வேறு ஆராய்ச்சி சாத்தியமில்லை. மேற்கே தங்கியவரை டவுன் ஹால் ரோடு கோயிலிலிருந்து நேராக ரூமுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

எதிர்த் திசையிலிருந்து வரும் வாதம் பசுமலை வாதம். மேட்டில், மரநிழலில், வெள்ளைக்காரர் காலத்துச் சாயலோடு தங்கலாம்; ஊர் தூரத்தில் கோபுரமாகத் தெரியும். தேனிலவுக்கு இதை ஆட்சேபிக்கவில்லை. ஆனால் இரவு பதினொன்றரைக்குக் கீழ மாரட் வீதியில் ஜிகர்தண்டாவின் அடியில் தங்கிய கடற்பாசியையும் நன்னாரியையும் கரண்டியால் வழித்துக்கொண்டிருப்பவர் அங்கே திரும்புவது எப்படி? அந்த நேரத்தில் ஆட்டோ மீட்டர் தொல்லியல் துறைக்கு உரிய பொருள். மாட்டுத்தாவணி வாதம் வேறு வகை: பஸ் ஸ்டாண்டு விடிய விடிய விழித்திருக்கும், விடியுமுன் பூ மார்க்கெட்டில் மல்லிகை குவியும், ஆகவே இரவு அங்கேதான் என்கிறது. இரவு உண்டு, ஒப்புக்கொள்ளலாம். சரித்திரத்துக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டும்.

“அதெல்லாம் அந்தக் காலம் சார், பதினொரு மணியானா போலீஸ் வந்து அடைக்கச் சொல்லிருவாங்க” என்கிற மறுப்புதான் கனமானது. 2019-இல் தமிழக அரசு 24 மணி நேரமும் கடை திறக்க அனுமதித்தது உண்மை. ஆனால் அது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளுக்கு. பரோட்டாக் கடையில் மாஸ்டர், மாவு பிசைபவர், இலை போடுபவர், கல்லாவில் முதலாளி என்று எண்ணினால் பத்து எட்டுவது கஷ்டம். தள்ளுவண்டி இட்லிக்காரரைக் கணக்கில் சேர்க்கவே வழியில்லை. ஆகவே கடை எத்தனை மணிவரை என்பது அன்றைய ரோந்தையும் முதலாளியின் துணிச்சலையும் பொறுத்தது. இந்த மறுப்பு நம் கருதுகோளை உடைக்கவில்லை, தாங்கிப் பிடிக்கிறது. அடைக்கும் நேரம் நிச்சயமில்லாத ஊரில், பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து “நாலு செட்டு இருக்காண்ணே?” என்று கேட்கக்கூடிய தூரத்தில் இருப்பவனே சாப்பிடுவான். ஜங்ஷனும் பெரியார் பஸ் ஸ்டாண்டும் பக்கத்தில் இருப்பதால் மேற்குப் பகுதியில் நேரம் கழித்தும் அடுப்பு எரிகிறது.

ரூமுக்குள்ளும் ஒரு தேர்வு உண்டு. பல லாட்ஜுகளில் 24 மணி நேரச் செக்-அவுட். சென்னை ரயில் விடியற்காலை இறக்கிவிட்டாலும் ஒரு நாள் வாடகை வீணாகாது. தெருவைப் பார்த்த ரூமில் சத்தம் வரும், பின்பக்க ரூமில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான். பின்பக்கமே மேல். பார்க்க வேண்டிய தெருவைக் கீழே இறங்கித்தான் பார்க்கப்போகிறோம்.

சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் இந்த முடிவுகள் பொருந்தா. கள்ளழகர் மலையிலிருந்து வரும்போது மூன்றுமாவடியில் எதிர்சேவை, விடிந்தால் வைகையில் இறங்குகிறார். ஊரே தல்லாகுளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே விழித்திருக்கும். இரவும் சரித்திரமும் அன்று வடகரைக்கு மாறிவிடுகின்றன. அந்த நாளில் எங்கேயாவது ரூம் இருக்கிறது என்று மேனேஜர் சொன்னால், எந்த வீதி என்று கேட்டுக்கொண்டிருக்காமல் ஆதார் நகலையும் அட்வான்ஸையும் உடனே நீட்டிவிட வேண்டும்.