ஆபத்தில்லாத நேரலை

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவை ஒளிபரப்பும் பி.பி.சி.யின் முன்யோசனையைப் பாராட்டியே தீரவேண்டும். 2025 ஜூன் 28 அன்று, பெல்ஃபாஸ்ட் ராப் குழுவான நீகேப் ஏதாவது பேசிவிடும் என்று அதன் நேரலையை முன்கூட்டியே தவிர்த்தது. அதே மேடையில் சற்று முன்னர் ஏறிய பாப் வைலன் குழுவை நம்பி ஒளிபரப்பியது. அவர்களோ இஸ்ரேல் ராணுவம் ஒழிக என்று கூட்டத்தையே கோஷம் போடவைத்தார்கள். கொல்லைக் கதவைப் பூட்டியாயிற்று; திருடன் வாசல் வழியாக வந்தான். திரையில் எச்சரிக்கை வாசகம் ஓடியது: திருடனுக்கு ‘படி வழுக்கும், பார்த்து’ என்று பலகை!

தடுக்கப்பட்ட நீகேப், ரசிகை ஒருவரின் கைபேசி வழியே டிக்டாக்கில் ஊரெல்லாம் பரவியது. அதனால் என்ன? பி.பி.சி.யில் வரவில்லையே!

இனி ‘அதிக ஆபத்துள்ள’ நிகழ்ச்சிகளுக்கு நேரலை கிடையாதாம். நல்ல முடிவு, ஆனால் போதாது. ஆபத்து பாடகரின் வாயில்தான் இருக்கிறது. வாத்தியத்தை மட்டும் காட்டலாம். டிரம்ஸ் கோபமாக ஒலித்தால் அதையும் வெட்டலாம்.

நல்லவேளை, 2026 நிலத்துக்கு ஓய்வு ஆண்டு; விழாவே இல்லை. விழா நடக்கும் பால்பண்ணையை நாள் முழுவதும் தைரியமாக நேரலையில் காட்டலாம். ஒரே நிபந்தனை: இடப்பக்கம் மேயும் மாட்டைக் காட்டினால், வலப்பக்கம் மேயும் மாட்டுக்கும் சம நேரம் தரவேண்டும்.