தீர்மானம் போட்டுக் கொண்டாடுகிறவர்கள்

பண்டிகைகளின் மேல் வழக்குத் தொடுத்து ஜயமும் பெற்றவர்கள் உலகத்தில் உண்டென்றால், ஸ்காட்லாந்து தேசத்துப் பிரெஸ்பிடேரியன் கிறிஸ்தவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1560-இல் சபைச் சீர்திருத்தக்காரரான ஜான் நாக்ஸும் அவருடைய சகாக்களும் வகுத்த ஒழுங்கு நூலில், வேதத்தில் கட்டளையிடப்படாத திருநாட்கள் யாவும் தள்ளுபடியாயின. 1640-இல் அந்நாட்டுப் பார்லிமெண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையையே ரத்துச் செய்தது. பிற்பாடு 1958-இல்தான் அந்த நாள் அங்கே பொது விடுமுறையாயிற்று.

இத்தகைய முன்னோர்களின் சந்ததியார், வட அயர்லாந்து வழியாகக் கடல் கடந்து வந்து குடியேறிய மேற்குப் பென்சில்வேனியாவின் சிற்றூர் ஒன்றில் என் மகன் உத்தியோக நிமித்தம் வசிக்கிறான். அவனோடு தங்கியிருந்த காலத்தில், பக்கத்து வீட்டு மூதாட்டியின் அழைப்பைத் தட்ட மனமின்றி அவருடைய ஆலயத்துக்குப் போகத் தொடங்கிய நான், நம் ஊர்ப் பஞ்சாங்கத்துக்குச் சற்றும் இளைக்காத பண்டிகைப் பட்டியல் ஒன்றை அங்கே கண்டு பிரமித்துப் போனேன்.

அக்டோபர் முதல் ஞாயிறன்று உலகத் திருச்சபைகள் பலவும் ஒரே நாளில் திருவிருந்து அனுசரிக்கும் வைபவம். அது 1933-இல் அருகிலுள்ள பிட்ஸ்பர்க் நகரத்துப் பிரெஸ்பிடேரியன் ஆலயமொன்றில் பிறந்தது என்பதில் இவ்வூர்ச் சபையாருக்கு அடக்கமான கர்வமும் உண்டு. டிசம்பரில் பசுந்தழை வளையத்தில் வாரத்துக்கொன்றாக மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பிப்ரவரியில், தேசமே அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் மூழ்கும் ஞாயிறன்று, வாலிபர்கள் சூப் பானையை ஏந்தி வாசலில் நின்று ஏழைகளின் பசிக்காகக் காசு சேர்ப்பார்கள். 1990-இல் தென் கரோலினாவின் பிரெஸ்பிடேரியன் இளைஞர்கள் தொடங்கிய வழக்கம் இது. லெந்து காலத்துக்கு முந்திய செவ்வாயன்று அப்பம் போன்ற பேன்கேக் விருந்து. ஈஸ்டர் அதிகாலையில், பல் கிட்டும் குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு சூரியோதய ஆராதனை.

நாக்ஸ் ஒழித்த பண்டிகைகள் எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தன என்பதே என் சந்தேகம். அதற்கு விடை ஆலயத்தின் நிர்வாக முறையில் இருந்தது. அங்கே போதகர் இஷ்டப்படி எதுவும் நடப்பதில்லை. சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்கள் கூடி, ஒருவர் முன்மொழிந்து மற்றொருவர் வழிமொழிந்து தீர்மானமானால்தான் திருவிருந்துக்கே அனுமதி உண்டு. கிறிஸ்துமஸ் இரவில் கைக்கொரு மெழுகுவர்த்தி கொடுப்பதா என்பதை ஆராதனைக் குழு ஆலோசிக்கும். மெழுகு கம்பளத்தில் சொட்டாதிருக்கக் காகித வட்டம் செருகுவது பற்றிக் கட்டடக் குழு விவாதிக்கும். உபதேசத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் மன்னிக்கும் அம்மக்கள், கம்பளத்தில் விழுந்த மெழுகை மன்னித்ததை நான் கண்டதில்லை. கொண்டாட்டத்தைச் சோம்பலென்று வெறுத்த முன்னோர்களுக்கு, அதையே ஓயாத உழைப்பாக மாற்றிக் காட்டிவிட்டார்கள் பேரர்கள். நாற்காலி சுமந்து, பாத்திரம் துலக்கி, கணக்கெழுதி இடுப்பொடிந்து கிடக்கும் ஒருவரைப் பார்த்து, நீர் பண்டிகை கொண்டாடினீர் என்று நாக்ஸ்கூடக் குற்றம் சாட்ட முடியாது.

இந்த உழைப்பின் சிகரம், ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்து. பாத்திரத்தின் அடியில் உடைமையாளர் பெயரை ஒட்டி வைத்திருப்பார்கள். யாருடைய பாத்திரம் காலியாயிற்று, யாருடையது நிறைந்தபடியே வீடு திரும்பிற்று என்பதை ஒருவரும் பார்ப்பதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். நான் சைவ போஜனக்காரன் என்று கேள்விப்பட்ட மூதாட்டி, பச்சை நிறத்தில் நடுங்கிக்கொண்டிருந்த ஜெல்லி ஒன்றைப் பரிவோடு நீட்டி, துருவிய காரட் கலந்திருப்பதால் இது காய்கறிதான் என்று உறுதி கூறினார். மிருகங்களின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் ஜெலாட்டினால் ஆன அந்தக் காய்கறியை நான் கண்ணால் மட்டும் புசித்தேன்.

என் பங்குக்கு எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுபோயிருந்தேன். அதை வெகு சிரத்தையுடன் உண்ட மூப்பர் ஒருவர், கறிவேப்பிலை ஒன்றை முள்கரண்டியின் நுனியில் தூக்கிப் பிடித்து, "இதைத் தின்பதா, ஒதுக்குவதா?" என்று வினவினார். எங்கள் தேசத்திலேயே அது இன்னும் முடிவாகாத விஷயம் என்றேன். அவர் முகத்தில் அப்போது உதித்த அனுதாபத்தை என்னென்பேன்! "ஏன், நீங்கள் ஒரு குழு அமைக்கவில்லையா?" என்றார்.