ஆய்ந்து எடுத்த தலைப்பு

'வானிலையும் தோட்டக்கலைப் பயிர் விளைச்சலும்' என்ற தலைப்பு ஒரு மாணவரின் முதுநிலை ஆய்வுக்குப் போதாதா?

போதும், நூறு மாணவர்களுக்குப் போதும். 'ஆய்தல்' என்னும் சொல் ஆராய்வதையும் கீரையைப் பொறுக்கித் தூய்மை செய்வதையும் ஒருங்கே குறிப்பதால், ஒரு பயிர், ஒரு வட்டாரம், ஒரு வளர்ச்சிப் பருவம், ஒரு வானிலைக் கூறு என்று வேண்டாதவற்றைக் கிள்ளி எறிந்த பின் கையில் எஞ்சுவதே ஆய்வுத் தலைப்பாகும்.

மா விளைச்சலை ஆண்டு மழையளவோடு ஒப்பிட்டால் ஆகாதா?

மாமரம் ஆண்டுச் சராசரியைப் பார்த்தா பூக்கிறது? முதிர்ந்த கிளைநுனிகள், வெப்பநிலை சுமார் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழ் இறங்கும் இரவுகளிலும் வறண்ட வாரங்களிலும் எளிதில் பூக்கத் தூண்டப்படுகின்றன; பூங்கொத்து விரிந்தபின் பெய்யும் மழையோ மகரந்தச் சேர்க்கையைக் குலைத்து, பூவைக் கருக்கும் பூஞ்சை நோயான ஆந்த்ரக்னோசைப் பரப்புவதால், மழை எவ்வளவு என்பதோடு எப்போது என்பதையும் கேட்டாக வேண்டும்.

வானிலை நன்றாக இருந்தும் விளைச்சல் குறைந்தால் ஆய்வு பொய்யா?

இல்லை, மரம் ஓய்வெடுத்திருக்கலாம். ஓராண்டு மிகுதியாகவும் மறு ஆண்டு குறைவாகவும் காய்ப்பது, அதாவது ஒன்றுவிட்ட காய்ப்பு, அல்போன்சா போன்ற வகைகளின் இயல்பாகவும், நீலம் என்னும் வகை ஆண்டுதோறும் காய்ப்பதாகவும் இருக்க, வகையையும் முந்தைய ஆண்டின் காய்ப்பையும் கணக்கில் கொள்ளாத ஆய்வு மரத்தின் களைப்பை மேகத்தின் பழியாக எழுதிவிடும். ஆய்வு தரும் எண்ணை நம்பியே உழவர் முடிவெடுக்கப்போகிறார் என்பதால், மரத்துக்கும் வானத்துக்கும் ஒருசேர நீதி செய்வது மாணவரின் முதற்கடமை.