நெய்தல் நிலத்தில் ஹேண்டிகேம்: மட்டாஞ்சேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

கொச்சியின் மட்டாஞ்சேரியை ஆராய்ந்தவர்களுக்குக் குறைவில்லை. 1568-இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடத்துக்கும் அதன் தரையில் பதித்த சீன ஓடுகளுக்கும் ஆய்வாளர் உண்டு. போர்த்துகீசியர் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்த மாளிகை, பிற்பாடு பழுதுபார்த்தவர்கள் பெயரால் டச்சு அரண்மனை ஆகிப்போன கதைக்கும் ஆய்வாளர் உண்டு. (கட்டினவன் பெயர் போய்ப் பூச்சு வேலைக்காரன் பெயர் நிலைத்தது. இது தனி ஆய்வுக்குரியது.) மிளகுக்கும் சுக்குக்கும் ஏலத்துக்கும் சொல்லவே வேண்டாம். ஆனால் பஜார் ரோடு தொடங்கிக் குஜராத்தி ரோடு வரை எத்தனையோ வீட்டு அலமாரிகளில், கறுப்புப் பைக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு உறங்கும் ஹேண்டிகேமை அறிஞர் உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்குறை இங்கே தீர்க்கப்படுகிறது.

ஹேண்டிகேம் என்பது சோனி தன் வீடியோ கேமராக்களுக்கு வைத்த பெயர். ஜேவிசி, பானசோனிக், கானன் எது கையில் இருந்தாலும் இவ்வூரில் அது ஹேண்டிகேம்தான். தமிழ், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, மலையாளம் எல்லாம் சில தெருக்களுக்குள் புழங்கும் ஊரில், எல்லா வீட்டிலும் ஒரே பெயரோடு வழங்கும் பொருள்கள் அதிகமில்லை. ஆகவே ஆய்வாளரும் ஊர் வழக்கையே கொள்கிறார்.

ஆய்வுக் கேள்வி இது: வீட்டு விசேஷத்தைப் படம்பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு கேமராவை எப்படித் தேர்ந்தெடுப்பது? கட்டுப்படியாகும் விலை என்பது, வீட்டில் உண்மையாகச் சொல்லக்கூடிய விலை. ஜனங்கள் ஸூம் பார்க்கிறார்கள், இருட்டில் தெரியுமா என்று கேட்கிறார்கள், எடையைக் கையில் தூக்கிப் பார்க்கிறார்கள். இவை ஒன்றுக்கும் பயனில்லை என்பது இவ்வாய்வின் முடிபு. தீர்மானிப்பவை இரண்டே: கேமராவைக் கொண்டுவரும் சொந்தக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார், கேமராவின் விலாவில் எந்தத் துளை இருக்கிறது.

நிலவியல்

கடல் சார்ந்த நிலத்துக்கு வருணனைத் தெய்வமாக வகுத்தார் தொல்காப்பியர். அதை வெறும் இலக்கிய மரபு என்று நினைப்பவர்கள் மட்டாஞ்சேரியில் டேப் கேமரா வைத்திருந்தவர்கள் அல்லர். மினிடிவி கேசட்டின் நாடா 6.35 மில்லிமீட்டர் அகலம். அதைத் தன்மேல் சுற்றிக்கொள்ளும் உலோக உருளை நிமிடத்துக்கு 9,000 சுற்றுச் சுற்றுகிறது. உருளைமேல் ஈரம் படர்ந்தால் நாடா ஒட்டிக்கொண்டு கிழியும். அதனால் உள்ளே ஈரம் அறியும் கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஏ.சி. மண்டபத்தில் குளிர்ந்த கேமராவை, எடவப்பாதி மழைக்காற்று வீசும் வாசலுக்கு எடுத்து வாருங்கள். லென்ஸ் வேர்க்கும், திரையில் எச்சரிக்கை மின்னும், மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட வை என்று அது மறியல் செய்யும். மாப்பிள்ளை அழைப்பு ஒரு மணி நேரம் நிற்காது. மண்டபத்தை விட்டு வருமுன் பையின் ஜிப்பை இறுக மூடி, பை வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறப்பதே பரிகாரம். வருணனுக்குச் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

பூசணம் வேறு. அலமாரியில் சில மழைக்காலம் கண்ட கேசட்டின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதைக் கேமராவில் போடக்கூடாது. போட்டால் பூசணம் ஹெட்டுக்குப் போகும். ஹெட்டிலிருந்து அடுத்த கேசட்டுக்குப் போகும். ஒரு வீட்டுக் காதுகுத்து இன்னொரு வீட்டுச் சீமந்தத்தைக் கெடுத்த வரலாறு இப்படித்தான்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அது துளையியலில் தானாக விளங்கும்.

உறவியல்

யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று முசிறியைப் பற்றிச் சங்கப் பாட்டு சொல்கிறது. 1341-இல் பெரியாற்றில் வந்த வெள்ளத்தில் முசிறி தூர்ந்து கொச்சிக்கு வாய் திறந்தது என்பது வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அதன்பின் மிளகுக்காக வந்தவர்களை ஒவ்வொரு பள்ளிக்கூடப் பாடநூலும் வரிசைப்படுத்தும். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வணிகம் திசை மாறியதை மட்டும் பாடநூல்கள் விட்டுவிட்டன. ஆள் கப்பலேறினான், பிறகு விமானமேறினான், ஹேண்டிகேம் வந்திறங்கியது. 1999-இல் நெடும்பாசேரி விமான நிலையம் திறந்தபின், கோடாலித் தைலமும் நிடோ பால்பவுடரும் டாங் டப்பாவும் வந்த அதே பெட்டியில், துணிகளுக்கு நடுவே பத்திரமாக அதுவும் வந்தது.

கொண்டுவருவோர் மூவகையினர்.

முதலில் அமெரிக்கச் சித்தப்பா. அன்பானவர், விலை விசாரித்து வாங்குபவர், ஆனால் அவர் நாட்டுக் கேமரா என்டிஎஸ்சி முறை: 525 வரி, விநாடிக்கு ஏறக்குறைய 30 படம். நம்முடையது பால் முறை: 625 வரி, 25 படம். (மாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அந்தக் கேமராவின் கணக்கு 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நம்பியது, நம் டியூப்லைட் 50 ஹெர்ட்ஸில் எரிவது. இரண்டுக்கும் ஒத்துவராது. படத்தில் குத்துவிளக்கு அசையாமல் நிற்கும், விளக்கேற்றும் மாமியும் பின்சுவரும் துடிதுடிப்பார்கள். ஷட்டரை நூறில் ஒரு விநாடி என்று வைத்தால் துடிப்பு அடங்கும். இது கையேட்டில் இருக்கிறது. கையேட்டைச் சித்தப்பா எடை கருதி நியூஜெர்சியிலேயே விட்டுவிடுவார்.

அடுத்து லண்டன் அத்தை. அவருடையது பால் முறைதான், டியூப்லைட்டுக்கும் ஒத்துப்போகும். கோளாறு வேறிடத்தில். வெளியிலிருந்து வரும் படத்தைப் பதியக்கூடிய கேமராவை வீடியோ ரெக்கார்டர் என்று கணக்கிட்டு ஐரோப்பாவில் கூடுதல் சுங்கம் விதித்தார்கள். கம்பெனிக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள்: பல மாதிரிகளில் உள்வாங்கும் வசதியை அடைத்துவிட்டு வெளிவிடுவதை மட்டும் வைத்தார்கள். துளை ஒன்றே, பாதை ஒருவழி. பழைய விஎச்எஸ் கல்யாண கேசட்டை இந்தக் கேமரா வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பலாம் என்று நினைத்த வீடுகள், பிரஸ்ஸல்ஸில் யாரோ போட்ட கையெழுத்து மட்டாஞ்சேரி வரவேற்பறை வரை வந்து நிற்பதை அன்று கண்டுகொண்டன.

எஞ்சியவர் துபாய் மச்சான். பால் முறை, 50 ஹெர்ட்ஸ், அடைப்பில்லாத துளை என எல்லாப் பொருத்தமும் கூடிவரும் வரன் அது. ஆனால் அவரிடம் கேட்கத் தெரிய வேண்டும். அக்காலத் தொலைபேசி உரையாடலின் மாதிரி வடிவம் பின்வருமாறு:

"மாப்ளே, ஸூம் எவ்வளவு போட்டிருக்கு?"

"990-ன்னு போட்டிருக்கு அத்தான்."

"அடேயப்பா! ராத்திரி தெரியுமா?"

"பச்சையாத் தெரியும்ங்கிறான் கடைக்காரன்."

"போதும், எடுத்துடு."

துளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. தொலைபேசி அட்டைக்கு மூன்று நிமிடப் பேச்சில் ஸூமுக்கு மட்டும் இரண்டு நிமிடம் போயிருக்கும்.

களவியல்

(களப்பணி பற்றியது, காதலர் இங்கே தேட வேண்டாம்.)

990 மடங்கு என்ற கூற்றைப் படகுத்துறையில் நின்று சோதிக்கலாம். எதிரே வில்லிங்டன் தீவு. ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்தைத் தோண்டியபோது அள்ளிய மண்ணில் வளர்ந்த தீவு அது. 20 மடங்கு வரை லென்ஸ் வேலை செய்கிறது. கிரேன் கிட்டே வருகிறது. அதற்கு மேல் லென்ஸ் ஓய்ந்துவிட, கேமரா இருக்கிற புள்ளிகளையே ஊதிப் பெரிதாக்குகிறது. 990-இல் கிரேனும் இல்லை, தீவும் இல்லை. சாம்பல் நிறக் கட்டங்கள். முக்காலி இல்லாவிட்டால் அதுவும் குதிக்கும். கேமராப் பெட்டியின் அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் எண்ணே உண்மையான எண் என்பது இச்சோதனையால் பெறப்பட்டது.

இரண்டாவது களம், தர்மநாத் சமணக் கோயில். நடுப்பகல் பூசைக்குப் பின் புறாக்களுக்கு இரை போடுவார்கள். அவை கோயிலைச் சுற்றிப் பறந்து வலம் வந்துதான் தின்ன இறங்கும் என்பார்கள். பக்தர்களுக்கு அது புண்ணியம்; கேமரா வாங்குபவருக்கு இதைவிட நல்ல பரிசோதனைக்கூடம் இந்தியாவில் இல்லை. காரணம் சொல்ல வேண்டும். டிவிடியிலோ ஹார்டு டிஸ்க்கிலோ பதியும் கேமரா எம்பெக் முறையைக் கையாள்கிறது. ஒரு முழுப் படத்தை எழுதிக்கொண்டு, அடுத்த பத்துப் பன்னிரண்டு படங்களுக்கு எது மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். தாத்தா ஈஸிசேரில் இருக்கும்வரை இதில் நல்ல சிக்கனம். புறாக்கூட்டம் சடசடவென்று எழும்பினால் எல்லாமே மாறுகிறது. குறிப்பெழுத இடம் போதாமல் கேமரா திணறி, புறாக்களைச் சதுரம் சதுரமாக வெட்டிப் போடுகிறது. மினிடிவி அப்படியல்ல. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. பக்கத்துப் படத்தை அது நம்புவதில்லை. எந்த இடத்தில் நிறுத்தினாலும் சிறகு சிறகாகவே இருக்கும். ஆகவே ஓடுகிற குழந்தை உள்ள வீட்டுக்கு டேப். உட்கார்ந்த பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு டிஸ்க். கடைக்காரர் எவரும் வீட்டில் எத்தனை குழந்தை என்று கேட்டு கேமரா விற்றதாகத் தெரியவில்லை.

மூன்றாவது களம், அருகே ஃபோர்ட் கொச்சிப் பக்கம் வெளி என்ற இடத்தில் உள்ள தோபிகானா. டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழிவந்த வண்ணார் குடும்பத்தினர் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். முறுக்கிய கயிற்றின் இழைகளுக்கிடையே துணி முனையைச் செருகி உலர்த்துவார்கள், கிளிப் கிடையாது. வெள்ளை விரிப்புகள் வரிசையாகத் தொங்கும் அந்த வெயிலில் ஒருவரை நிறுத்திப் படமெடுத்தால், தானியங்கி ஒளியளவு விரிப்பைப் பார்த்து மிரண்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், முகம் நிழலாகும். ஒளியளவைக் கையால் மாற்றும் சக்கரமோ பட்டனோ உள்ள கேமராதான் இங்கே தேறும். பட்டுவேட்டி மாப்பிள்ளைக்கும் இதே விதி.

துளையியல்

மினிடிவி கேமராவின் விலாவில், ரப்பர் மூடிக்குள், பெரும்பாலும் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று யுஎஸ்பி. கம்ப்யூட்டரிலும் அது இருப்பதால் வாங்கியவர் மகிழ்ந்து இரண்டையும் இணைப்பார். கணக்கைப் பாருங்கள். நாடாவிலிருந்து படம் விநாடிக்கு 25 மெகாபிட் வீதம் இறங்குகிறது, ஒலி தனி. அக்காலத்து யுஎஸ்பி 1.1 உச்சத்தில் 12 மெகாபிட்தான் கொள்ளும். பாதிகூட உள்ளே போகாது. அந்தத் துளை மெமரி கார்டில் எடுத்த போட்டோக்களுக்காகவும், தபால்தலை அளவு ஓடும் படத்துக்காகவும் வைத்தது.

இன்னொன்று சின்னத் துளை, நான்கு முனை. ஆப்பிள் முன்னின்று உருவாக்கி 1995-இல் ஐஇஇஇ 1394 என்று தரநிலையான ஃபயர்வயர் அது. 400 மெகாபிட் வேகம். சோனி அதை ஐலிங்க் என்றது. மற்றவர்கள் டிவி (DV) என்று பொறித்தார்கள். ஒரே துளைக்கு மூன்று பெயர். எர்ணாகுளத்துக்குப் படகேறி பென்டா மேனகா வணிக வளாகத்தில் கடை கடையாக விசாரித்தால், மூன்று பெயரில் எதைச் சொன்னோமோ அது இல்லை என்பார்கள். கம்ப்யூட்டருக்கு ஒரு பிசிஐ கார்டும், ஒரு பக்கம் நான்கு முனையும் மறுபக்கம் ஆறு முனையும் கொண்ட கேபிளும் தேவை. கேமராவோடு வந்த பெட்டியில் இந்தக் கேபிள் பல சமயம் இருக்காது. வாங்க வேண்டிய முதல் பொருள் இதுதான், கேமரா இரண்டாவது.

இனி இரங்கல். ஒரு மணி நேர கேசட் கம்ப்யூட்டரில் இறங்க ஒரு மணி நேரம் பிடிக்கும், அவசரப்படுத்த முடியாது. மாலையில் சுழற்சி முறையில் அரை மணி மின்வெட்டு இருந்த நாட்களில் இந்த ஒரு மணி நேரத்தை எங்கே பொருத்துவது என்பது பஞ்சாங்கம் பார்க்க வேண்டிய விஷயம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. 40 ஜிபி ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் போக இரண்டு கேசட் தாராளம், மூன்றாவது சந்தேகம். டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. பத்தொன்பதாவது நிமிடத்தை ஒட்டி அறுந்துவிடும். கெட்டிமேளம் சரியாக அந்த நிமிடத்தில் வரும்.

டிவிடி கேமராவுக்கு ஒரு வாக்கியம் போதும்: 8 சென்டிமீட்டர் தட்டில் 1.4 ஜிபி, அதையும் முறைப்படி முடித்துவைக்காவிட்டால் கம்ப்யூட்டர் படிக்காது.

இன்று புதிதாக எடுப்பதற்கு போன் போதும். இருந்தும் பழைய டேப்புகளை ஓட்டுவதற்காகக் கேமரா தேடுவோர் பெருகியிருப்பதால், ஆய்வு முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. மினிடிவி டேப்புக்கு மினிடிவி கேமராதான். வீடியோ8, ஹை8 டேப்பானால், 1999-இல் வந்த டிஜிட்டல்8 வகையில் பழைய டேப்பையும் ஓட்டும் மாதிரியைத் தேட வேண்டும். பழசைப் படித்து டிஜிட்டலாக மாற்றி அதே சின்னத் துளை வழியே அனுப்பும் புண்ணியவான் அது. கம்ப்யூட்டரும் பழசாக இருப்பது நல்லது. ஃபயர்வயரைப் பெற்று வளர்த்த ஆப்பிளே 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-இல் அதைக் கைவிட்டுவிட்டது.

செகண்ட்ஹேண்ட் கேமராவைக் கடையிலேயே ஓட்டிப் பார்க்காமல் வாங்கக்கூடாது. அது டேப்பைத் தின்னும் வகையா என்பது ஒரு டேப்பைக் கொடுத்தால்தான் தெரியும். சொந்தக் கல்யாண டேப்பைக் கொடுக்க வேண்டாம். அமெரிக்கச் சித்தப்பா அனுப்பிய டேப் உதவாது, அது என்டிஎஸ்சி. லண்டன் அத்தை வீட்டு நிச்சயதார்த்த டேப்பை எடுத்துப் போகவும்.